கலைவாணியின் மேசையில் மரியேல்லாவின் கோப்பு

16 ஒக்டோபர், சனி. மாலை

முதலில் மன்னிப்பு. எழுதக்கூடாத நாளில் எழுதுகிறேன். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை வைத்துவிட்டால் விசயதசமி காலைவரை வாசிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. தெரியும். பேனாக்கள் எல்லாம் பூசைக்குப் போய்விட்டன. இது அம்மா சந்தைச் சாமான் குறிக்கிற குட்டைப் பென்சில். தாள், இறைச்சிக்கடைக்காரர் தந்த நாட்காட்டியின் செப்டெம்பர் மாதம், பின்புறம். என் நாட்குறிப்பும் உள்ளேதான். கலைவாணி விரும்பினால் வாசிக்கட்டும், ஒளிக்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

சிசிலித் தீவில், எங்கள் பலேர்மோவில், இன்று ஸ்கிரோக்கோ காற்று. ஆபிரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் தூசி முழுவதும் எங்கள் பல்கனியில். காயப்போட்ட சேலையை மறுபடி தோய்க்க வேண்டும்.

அம்மா இன்று பூசை மேசையில் அடுக்கியவை:

– என் ஸ்பானிய அகராதிகள், தடித்ததும் மெல்லியதும்
– என் பட்ட ஆய்வேடு (வீட்டில் அதைத் திறந்தவள் நான் மட்டும். தூசி தட்டுபவர் அம்மா)
– அப்பாவின் கார் ஓட்டும் சட்டப் புத்தகம்
– தேவாரம்
– பேனாக்கள், அடிமட்டம், கல்குலேட்டர்
– மின்சாரக் கம்பனியின் கடிதம். ஏன் என்று கேட்டேன். "அதிலையும் எழுத்து இருக்குதானே."

எல்லாவற்றையும் சிவப்புச் சேலையால் மூடி, மேலே பூ. நான் பட்டம் வாங்கிய அன்று உடுத்திருந்த சேலை.

அப்பா துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலின் அறைகளைத் துப்புரவாக்கிவிட்டு வந்து, முகம் கழுவி, மேசையைத் தடவினார்.

"இஞ்சரும், என்ரை கண்ணாடியைக் கண்டனீரோ?"

"புத்தகத்துக்கு மேலை கிடந்தது. அதோடை போட்டுது."

"எடுத்துத் தாருமன்."

"மூண்டு நாளைக்கு வாசிக்கக்கூடாது. பிறகு என்னத்துக்குக் கண்ணாடி?"

அப்பா பதில் தேடினார். கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாததால்தான் கிடைக்கவில்லை என்று பிறகு என்னிடம் இரகசியமாகச் சொன்னார்.

கொஞ்சம் இருக்கிறது என்றேனே, அது இனி.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் மொழிப்பள்ளி ஒன்று. அங்கே இறுதியாண்டுப் பெண்களுக்கு ஸ்பானியம் படிப்பிக்கும் ஆசிரியை பிள்ளைப்பேற்று விடுமுறையில் போகிறார். தலைமைக் கன்னியாஸ்திரியை எல்லோரும் மாத்ரே என்பார்கள். வியாழக்கிழமை அவர் தொலைபேசியில் கேட்டார்: ஈஸ்டர் வரைக்கும் அந்த வகுப்பை எடுப்பீர்களா? பதில் செவ்வாய் மதியத்துக்குள். முதல் வகுப்பு புதன். "எங்கள் மாணவி ஒருத்தி உங்களிடம் வீட்டில் படிக்கிறாளாம். கட்டுரையெல்லாம் திருந்தியிருக்கிறது."

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

"என்ன?"

மறுபடி சொன்னேன்.

"கேட்கவில்லை, மகளே."

இதுதான் சிக்கல். பட்டத் தேர்விலும் இதே கதை. நீள மேசைக்குப் பின்னால் பேராசிரியர்கள், முன்னால் நான். "உரக்க, சிஞ்ஞோரினா, உரக்க." எழுத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டார்கள், குரலை மன்னித்துவிட்டார்கள். ஒரு வகுப்பு நிறையப் பதினெட்டு வயதுப் பெண்கள் மன்னிக்க மாட்டார்கள்.

விசித்திரம் என்னவென்றால் மற்றவர்களுக்காக என்றால் குரல் வருகிறது. பத்து வயதில் இந்த ஊருக்கு வந்த நாள்முதல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், வீட்டுக்காரரிடம் நம் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் நான்தான் வாய். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொலிஸ்காரருக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன். "இவருடைய பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, எங்கே? ஆறு மாதம் ஆயிற்று!" ஸ்பானியத்தில் மட்டும் யாருக்கும் நான் தேவையில்லை. நம் ஆட்களில் ஒருவருக்கும் அதில் அலுவல் கிடையாது. அதனால்தான் அதை எடுத்தேன். அதனால்தான் அதில் வாய் திறக்கவும் வரவில்லை. அதில் சொல்ல என் சொல் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் இரவுக்குள் எங்கள் பேட்டை போர்கோ வெக்கியோ முழுக்கத் தெரியும். பிறகு மாட்டேன் என்று சொல்ல வழியே இல்லை.

விளக்கு வைத்த பிறகு அம்மா: "என்ன கேட்டனி கலைவாணியிட்டை?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"சரி. இன்னும் நாள் இருக்கு. யோசிச்சுக் கேள்."

17 ஒக்டோபர், ஞாயிறு. காலை

காற்று இன்னும் அடங்கவில்லை. சிக்கல் புதிதாக ஒன்று. சிரிப்பதா என்று தெரியவில்லை.

மரியேல்லாவின் தொலைபேசி. மாத்ரே சொன்ன மாணவி. எங்கள் தெருச் சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் நுன்ஸியாவின் மகள். அவள் கதைத்தால் தொலைபேசி தேவையில்லை, பல்கனியால் கேட்கும். "ப்ரொஃப்! என் பச்சைக் கோப்பு உன் வீட்டில் கிடக்கிறதா?"

வெள்ளிக்கிழமை பாடம் முடிந்து விட்டுப் போயிருக்கிறாள். செவ்வாய் காலை அவளுக்கு வாய்மொழித் தேர்வு, தலைப்பு "பலேர்மோவில் ஸ்பானியர்". ஸ்பானிய அரசர்கள் அனுப்பிய வைஸ்ராய்கள் இந்த ஊரை ஆண்ட காலம், கட்டிய தெருக்கள், விட்டுப்போன சொற்கள். எல்லாப் பதிலையும் முழு வாக்கியமாக எழுதி, பாடமாக்கி ஒப்புவிக்கத் திட்டம். அந்த எழுத்து எல்லாம் கோப்பில். பாடமாக்கலை நான் தடுத்ததில்லை. நானும் அப்படிப் படித்தவள்தானே.

வீடெல்லாம் தேடினேன். கட்டிலுக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால். கடைசியில் கண்டேன். பூசை மேசையில், சிவப்புச் சேலைக்குக் கீழே, ஒரு பச்சை மூலை.

"அம்மா!"

"எனக்கென்ன தெரியும், கதிரையிலை கிடந்தது. எழுத்து எண்டு எடுத்து வைச்சன்."

"அது அவளின்ரை. நாளையிண்டைக்குச் சோதினை."

"வைச்சதை எடுக்கேலாது, பிள்ளை. எடுத்தால் ஆருக்குக் கூடாது? அந்தப் பிள்ளைக்குத்தான் கூடாது."

அதற்குள் மரியேல்லா வாசலில். பின்னால் படியேறி மூச்சு வாங்க நுன்ஸியா, கடை ஏப்ரனோடு. கத்தல் முதல் மாடியிலேயே தொடங்கிவிட்டது. அவர்கள் கதைத்தது சிசிலிய மொழி, நடுநடுவே இத்தாலியம். என் காதில் அது எப்போதும் எங்கள் பேச்சாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"எங்கை என்ரை மோளின்ரை பேப்பருகள்? கை நோக நோக எழுதினவள்! ஆர் எடுத்தது?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் பூசை மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். விளக்கு. சாம்பிராணி. வீணையோடு படம். நுன்ஸியா ஏப்ரனில் கை துடைத்தார்.

"இது ஆர்?"

அம்மாவின் இத்தாலியத்தில் வினைச்சொற்கள் மாறுவதே இல்லை. ஆனால் சந்தையில் எல்லோருக்கும் விளங்கும். மாதாவுக்கு இங்கே சொல்கிற பெயரையே சொன்னார்: "மதோன்னா. பள்ளிக்கூடத்து மதோன்னா."

"கையிலை என்ன, கித்தாரோ?"

"அதுமாதிரி."

"கேட்டால் குடுப்பாவோ?"

அம்மா கையை நீட்டி என்னைக் காட்டினார். பட்டதாரி. நுன்ஸியா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், மகளிடம் திரும்பினார்.

"தொட்டியோ, கையை முறிப்பன்."

"அம்மா! சோதினை செவ்வாய்க்கிழமை!"

"குடுத்தது குடுத்ததுதான். நான் எங்கடை ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவுக்குப் போட்ட சங்கிலியைத் திருப்பி வாங்கினனானோ? உன்ரை சித்தி கலியாணத்துக்குக்கூட வாங்கேல்லை!"

"நான் ஒண்டும் குடுக்கேல்லை, இவை எடுத்து வைச்சிருக்கினம்!"

"இன்னும் நல்லது. அவவாக் கேட்டு எடுத்திருக்கிறா."

அம்மாவும் நுன்ஸியாவும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு மொழியும் சரியாகப் பொதுவில் இல்லாத இருவர். ஒரு நிமிடத்தில் முழு உடன்பாடு.

மரியேல்லா என் பக்கம்: "ப்ரொஃப், நீயே சொல்லு."

(என்னை அவள் 'நீ' என்றுதான் சொல்வாள். அம்மாவுக்கு அது ஆகாது. "படிப்பிக்கிற ஆளை நீ எண்டு சொல்லலாமோ?" எனக்குப் பிடிக்கும். அம்மாவிடம் சொன்னதில்லை.)

"அப்ப வாயாலை படிப்பம்" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. மரியேல்லாதான் எல்லோருக்கும் அறிவித்தாள்: "வாயாலை படிப்பிக்கப் போறாளாம்!"

"இவளோ?" என்றார் நுன்ஸியா. "இவளுக்கு வாய் இருக்கோ?" என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது. அன்பாகத்தான்.

ஞாயிறு. மாலை

கீழேயிருந்து நுன்ஸியாவின் சத்தம். பல்கனியால் கயிற்றுக் கூடையை இறக்கினேன். மாதுளம்பழம், முந்திரிகைக் குலை, கள்ளிப்பழம். "உங்களுக்கில்லை! அவவுக்கு!"

பாடம் பல்கனியில். புத்தகம் இல்லை, தாள் இல்லை. நான் கேள்வி கேட்டேன், ஸ்பானியத்தில். மரியேல்லா வாயைத் திறந்தாள், மூடினாள். சந்தையை எழுப்புகிறவள் ஊமையாக இருந்தாள்.

"என் வாய் சிசிலியனுக்கு, ப்ரொஃப். ஸ்பானியம் எனக்குக் கையில்தான்."

"எனக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கள்ளிப்பழம் சாப்பிட்டோம். கைக்கு வேலையாவது இருந்தது.

பிறகு ஒன்று தோன்றியது. வைஸ்ராய் உன் அம்மாவின் கடைக்கு வருகிறார், என்றேன். பழத்துக்கு வரி கேட்கிறார். நீதான் கடை. நான் வைஸ்ராய்.

"நீயா?" என்று சிரித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில், வரி கேட்டேன். அவ்வளவுதான். ஏசத் தொடங்கினாள். ஸ்பானியத்தில். பாதி வினைச்சொல் தப்பு, கால் பங்கு சிசிலியன், ஆனால் ஓடியது. போன வருடம் மழை இல்லை, படகு வரவில்லை, உங்கள் அரசர் மாட்ரிட்டில் இருந்து எங்கள் எலுமிச்சையைச் சாப்பிடுகிறார், இதில் வரியும் வேண்டுமோ! எதிர்வீட்டுப் பல்கனியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த பெண் நின்று கேட்டாள். "ஆரை ஏசுறாய், மரியே?" "ஸ்பெயினை!"

நான் திருத்தவில்லை. திருத்தக் கையில் பென்சில் கூட இல்லை.

போகும்போது வாசலில்: "மாத்ரே உன்னைக் கேட்டாராமே. வகுப்பு முழுக்கத் தெரியும். வருகிறாய்தானே?"

உதட்டில் விரல் வைத்தேன். அம்மா அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தார். மரியேல்லா குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் என்பது சாதாரண ஆட்களின் பேச்சு. நல்லவேளை, கடுகு வெடித்தது.

பிறகு மேல்மாடி ரவி அண்ணை, மகளைத் தூக்கிக்கொண்டு. மூன்று வயது. செவ்வாய் காலை ஏடு தொடக்க வேண்டும், அரிசியில் முதல் எழுத்து. வருவதாகச் சொன்ன ஐயர் வரவில்லை.

"தங்கச்சி, பட்டதாரி நீதானே. நீ கை பிடிச்சு எழுதிவிடு."

"எனக்குக் கூச்சம் அண்ணை. அம்மா பிடிக்கட்டும்."

அம்மா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார், சுட்டதுபோல. "எனக்கென்ன! நான் ஏழாம் வகுப்பு. படிச்ச கை பிடிச்சால்தான் பிள்ளைக்குப் படிப்பு வரும்."

எனக்கு ஏடு தொடக்கியவர் பள்ளிக்கூடத்து மாஸ்டர். அவர் 'அ' மட்டும் எழுதிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற எழுத்தெல்லாம் அடுப்படியில், புட்டு மாவில், அம்மா. அதை அம்மா கணக்கில் எடுப்பதே இல்லை.

"என்ன கேட்டனி?"

"ஒண்டும் கேக்கேல்லை."

18 ஒக்டோபர், திங்கள். மாலை

காற்று நின்றது. வானம் கழுவியதுபோல். கடல் தெரிகிறது.

காலையில் வழக்கம்போல அம்மாவோடு, நாங்கள் வீட்டுவேலை செய்கிற சிஞ்ஞோராவின் வீடு. அம்மா தரை, சமையலறை. நான் உடுப்பு மினுக்குதல். அயர்ன் சூடாகும்போது வாய்க்குள்ளேயே பாடத்தைச் சொல்லிப் பார்த்தேன். சிஞ்ஞோராவின் கணவருடைய சட்டைகளுக்கு வைஸ்ராய்களைப் பற்றி விளக்கினேன். சட்டைகள் அடக்கமான மாணவர்கள். காலரை நிமிர்த்திக் கேட்டன.

வாசலில் அம்மா, கையில் தும்புத்தடி.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை. ஸ்பானியம்."

"சத்தமாச் சொல்லன். பாதி எனக்குக் கேக்கேல்லை."

"உங்களுக்கு அது விளங்காதே, அம்மா."

"விளங்காட்டி என்ன? கேக்கவும் கூடாதோ?"

தும்புத்தடியில் சாய்ந்து நின்று கேட்டார். நான் சொன்னேன். ஒரு சட்டை முடியும்வரை. "நல்லாயிருக்கு" என்றுவிட்டுப் போனார். என்ன நல்லாயிருந்தது என்று தெரியவில்லை. சட்டையாகவும் இருக்கலாம்.

மாலை மரியேல்லாவோடு வியா மக்வேதா. என் யோசனைதான். கோப்பு இல்லாவிட்டால் தெரு இருக்கிறதே. தெருவின் பெயரே ஒரு ஸ்பானிய வைஸ்ராயின் பெயர், அவர் வெட்டுவித்த தெரு. பிறந்த நாள்முதல் இதில் நடக்கிறாள், தெரியாது. "நான் பஸ்ஸின் பெயர் என்று நினைத்தேன்."

விட்டுப்போன சொற்கள்: அவள் சொல்ல வேண்டும், நான் ஆமா இல்லை என்பேன். லாஸ்திமா, துயரம். சரி. பிறகு "க்ரியாதா" என்றாள். வேலைக்காரி. ஸ்பானியச் சொல்தான், இங்கே கிழவிகள் இன்னும் சொல்வார்கள். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "ப்ரொஃப், நான் அப்படி..."

"சரியான சொல்" என்றேன். "நாளைக்குக் கட்டாயம் சொல்லு. எங்கிருந்து வந்தது என்று விளக்கு. அவர்களும் கேட்கட்டும்."

அம்மாவை ஒருமுறை ஒரு வீட்டில் அப்படிக் கூப்பிட்டார்கள். அப்போது மொழிபெயர்க்கச் சொல்லி அம்மா என்னைப் பார்த்தார். "உதவிக்கு வாறவ எண்டு அர்த்தம்" என்றேன். அதை மரியேல்லாவிடம் சொல்லவில்லை. அவள் என் கையைக் கோத்துக்கொண்டாள், மிச்சத் தூரம் விடவில்லை.

நான்கு மூலைச் சந்தி. ஒவ்வொரு மூலையிலும் நீர்த்தொட்டி, மேலே பருவம், அதற்கு மேலே ஸ்பானிய அரசர், அதற்கும் மேலே புனிதை. புகையால் எல்லோரும் கறுத்துப்போய் எங்கள் நிறத்தில். (மரியேல்லாவின் பகிடி.) நான் சிலையைப் பார்த்து விளக்கத் தொடங்கினேன்.

"கேட்கவில்லை, ப்ரொஃப். பஸ்."

உரக்கச் சொன்னேன்.

"கேட்கவில்லை. வெஸ்பா."

இன்னும் உரக்க. அவள் குரல் பின்னால் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. காது கேளாத பிள்ளையைப் படிப்பிப்பதுபோல் கத்தினேன். எனக்குப் பிடித்த பகுதி அது: ஏன் அரசர்களைப் பருவங்களுக்கு மேலும் புனிதைகளுக்குக் கீழும் வைத்தார்கள். யார் யாருக்குக் கீழே என்று கல்லில் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் வாயால் சொன்னால் இந்த ஊர் கேட்காது. ஆய்வேட்டில் எழுதியது. ஒருநாளும் சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது, நானே இப்போதுதான் கேட்கிறதுபோல.

திரும்பினேன்.

மரியேல்லா தனியாக இல்லை. நடைபாதை முழுக்கப் பெண்கள். முதுகில் பள்ளிப் பை, கையில் ஹெல்மெட், ஒருத்தி வாயில் அரன்சீனா, பொரித்த சோற்று உருண்டை. இறுதியாண்டு வகுப்பின் பாதி. கூட ஒரு லாட்டரிச் சீட்டுக்காரர். அவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டு.

"தற்செயலாக இந்தப் பக்கம் வந்தோம்" என்றாள் ஒருத்தி.

"எல்லோருமா?"

"பெரிய தற்செயல்."

மரியேல்லா வானத்தைப் பார்த்தாள்.

கண்ணாடி போட்ட ஒரு பெண், என்னைப்போலச் சின்னக் குரல், பின்னால் நின்று ஏதோ கேட்டாள். முன்னால் நின்றவர்கள் திரும்பி, "உரக்கச் சொல்லு!" நான் கை காட்டி அவர்களை விலக்கி அவளிடம் போய்க் கேட்டேன். நல்ல கேள்வி. பதில் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லி, பிறகு பதில். குவெஸ்தூராவில் செய்கிற மாதிரியே. வீட்டுக்கு வரும்போதுதான் அது உறைத்தது.

"அப்போ புதன்கிழமை?" என்றாள் அரன்சீனாக்காரி.

"ரோட்டிலிருந்து ஏறி நில்லுங்கள், பஸ் வருகிறது" என்றேன். அதுதான் வந்தது. ஆனால் ஸ்பானியத்தில் வந்தது, எல்லோரும் ஏறினார்கள்.

வீடு. விளக்கு. அம்மா: "இண்டைக்காவது கேட்டியோ?"

"இல்லை."

"நீ வாய் திறந்து கேக்காட்டி அவவுக்கு என்னண்டு தெரியும்?"

அப்பா பேப்பரை ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு: "நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். என்ரை கண்ணாடி."

19 ஒக்டோபர், செவ்வாய். விசயதசமி. காலை

இன்று பேனா. அனுமதியோடு.

விடிய எழும்பிப் பூசை. சேலை எடுத்தாயிற்று. புத்தகமெல்லாம் சந்தன மணம், மின்சாரக் கடிதத்தில் குங்குமம். அப்பா கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டு, எங்கள் இருவரையும் நெடுநேரம் பார்த்தார். "கொஞ்சம் மெலிஞ்சு போனியள்."

பள்ளிக்குப் போகிற வழியில் மரியேல்லா, அவளோடு நுன்ஸியா. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு. அதே நேரம் ரவி அண்ணையும் மகளும். அம்மா பெரிய தட்டில் பச்சையரிசி பரப்பி நடுவே வைத்தார்.

"இது என்ன?" நுன்ஸியா.

"முதல் எழுத்து. மதோன்னாவுக்கு முன்னாலை," என்றார் அம்மா.

"அப்ப இவளுக்கும். இவளுக்கு இண்டைக்குச் சோதினை."

முதலில் சின்னவள். மடியில் இருத்தினேன். குட்டி விரல், ஒட்டும் மாதுளம்பழச் சாறு. 'அ'. விரலைப் பிடித்தது நான், கோட்டை இழுத்தது அவள். எழுதி முடிய அரிசியில் ஒரு பிடி வாயில் போட்டாள்.

பிறகு மரியேல்லா. சம்மணம் கட்டத் தெரியாமல் ஜீன்ஸோடு கால் நீட்டி உட்கார்ந்தாள். நகத்தில் நீலப் பூச்சு. 'அ' வளைந்து போகிற இடத்தில் "ப்ரொஃப், இது எங்கே முடியும்?" "பொறு." நுன்ஸியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் மகளின் நெற்றியில் முத்தம், என் நெற்றியில் முத்தம், அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம். அப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

கோப்பை எடுத்துக் கொடுத்தேன். மரியேல்லா திறந்தாள், இரண்டு பக்கம் புரட்டினாள், மூடினாள். திரும்பக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"முடியும்வரை இங்கேயே இருக்கட்டும். என்னிடம் இருந்தால் வாசிப்பேன்."

செவ்வாய். மதியம்

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்குத் தொலைபேசி. நின்றுகொண்டு கதைத்தேன்.

"மாத்ரே, நான் கௌரி. வருகிறேன்."

"மகளே, காது செவிடாகிறது" என்றார்.

வைத்த உடனே மணி. மரியேல்லா, பள்ளி வாசல் தொலைபேசியிலிருந்து. பின்னால் கூச்சல். நிறுத்தச் சொல்லியும் தேர்வில் இவள் பேச்சை நிறுத்தவில்லையாம். வைஸ்ராயை ஏசிய இடத்தில் கர்ப்பிணியான ஆசிரியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம், எல்லோரும் பயந்துபோனார்களாம். வினைச்சொல்லுக்குக் குறைத்து, மிச்சத்துக்குக் கூட்டி, பத்துக்கு ஏழு. "க்ரியாதா சொன்னேன், ப்ரொஃப். நீ சொன்ன மாதிரி விளக்கினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை."

செவ்வாய். மாலை

சொல்லிவிட்டேன்.

அம்மா அடுப்பைக் குறைத்தார். "எத்தினை பிள்ளையள்?"

"ஒரு வகுப்பு. பெரிய பிள்ளையள்."

"கதிரையிலை இருந்தோ, நிண்டோ?"

"நிண்டுதான்."

"சப்பாத்து வேணும்" என்றார் அம்மா. பிறகு வெங்காயம் உரித்தார், தேவைக்கு மேலே. பலேர்மோ முழுக்கச் சொல்லப் போவார் என்று நினைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே: "பயமோ?"

"ஓம்."

"எனக்கும்."

அப்பா: "எனக்கில்லை. எனக்கு இப்ப எல்லாம் வடிவாத் தெரியுது."

நாளை எட்டரைக்கு முதல் வகுப்பு. நீல உடுப்பு மினுக்கியாயிற்று. அகராதியில் சந்தனப் பொட்டு. அழிக்கவில்லை.

அரிசித் தட்டு இன்னும் மேசையில். சின்னவளின் 'அ', அதன்மேல் மரியேல்லாவின் 'அ', இரண்டும் குழம்பி. இன்றிரவு அந்த அரிசியில்தான் பொங்கல். பானையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. நானும் நாளை ஒன்று தொடங்குகிறேன், எனக்கு ஒருவரும் கை பிடிக்கவில்லை. மூன்று நாளும் கலைவாணியிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தேன். கேட்க வேண்டியது அவவிடம் இல்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

அம்மா தட்டை எடுக்க வருகிறார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. மாட்டேன், ஏழாம் வகுப்பு என்பார். உரக்கக் கேட்கப் போகிறேன்:

அம்மா, அரிசியை இப்ப கொட்டாதேங்கோ. இஞ்சை எனக்குப் பக்கத்திலை இருங்கோ. என்ரை விரலை நீங்கள் பிடிச்சு எழுதுங்கோ.